தூண்டில் இழையும் அதைச் சுற்றும் உருளையும்

கடையில் விற்கும் ரிப்பன் சுருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகம் பளபளப்பாகவும் மறுமுகம் மங்கலாகவும் இருக்கும் ரிப்பனாக இருந்தால் மிக நன்று. அதன் நடுத்துளையில் ஒரு பென்சிலை நுழைத்துக்கொண்டு ரிப்பனின் நுனியைப் பிடித்து இழுங்கள். சுருள் பென்சிலின் மீது சுழலும். ரிப்பன் தட்டையாக, முறுக்கு எதுவுமின்றி வெளிவரும். இப்போது பென்சிலை எடுத்துவிட்டு, சுருளைச் சுழலவிடாமல் கையில் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிப்பனைச் சுருளின் பக்கவாட்டு முகத்தின் வழியாக, வளையம் வளையமாகக் கழன்று வரும்படி இழுங்கள். வெளிவந்த ரிப்பனை நீட்டிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறியிருப்பதைக் காண்பீர்கள். பத்துச் சுற்று கழன்றிருந்தால் பத்து முறுக்கு.

இது ஒரு விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் மேலை நாடுகளில் தூண்டில் கோலோடு பொருத்தப்படும் ரீல் என்னும் கருவியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு வழிகளுக்கு இடையே நடந்ததுதான். உருளை சுழல வேண்டுமா, அசையாமல் நிற்க வேண்டுமா? இக்கேள்விக்கான விடை ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த இழையைப் பொறுத்து மாறிவந்திருக்கிறது. இழை மாறியபோது உருளை மாறியது. உருளை மாறியபோது வேறு இழை தேவைப்பட்டது. இன்று ஒருவர் ரீலில் இழை சுற்றும்போது கடைப்பிடிக்கும் சிறு சிறு விதிகளெல்லாம் இந்த வரலாற்றின் எச்சங்களே. அவை எவ்வாறு உருவாயின என்று பார்ப்போம்.

குதிரைவால் மயிர்

இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டு, வின்கின் டி வொர்ட் என்னும் அச்சாளர், தூண்டிலால் மீன் பிடிப்பதைப் பற்றிய ஒரு கட்டுரையை அச்சிட்டார். ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் தூண்டில் நூல் இது. எந்த மீனுக்கு எவ்வளவு வலிமையான இழை வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அன்று இழையின் அலகு கிலோகிராமும் அல்ல, பவுண்டும் அல்ல. குதிரை வால் மயிர்தான். மினோ என்னும் மிகச் சிறிய மீனுக்கு ஒரே ஒரு மயிர். பெர்ச் மீனுக்கு நான்கு. டிரவுட் மீனுக்கு ஒன்பது; பெரிய டிரவுட்டுக்குப் பன்னிரண்டு. சால்மன் மீனுக்குப் பதினைந்து மயிர்களைச் சேர்த்து முறுக்க வேண்டும்.

குதிரை மயிரின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே பல துண்டுகளை முடிச்சிட்டு இணைத்தே இழை செய்தார்கள். அந்த இழை கோலின் நுனியிலேயே கட்டப்பட்டிருந்தது. கோலின் நீளமும் இழையின் நீளமும் சேர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் மீனவரின் எல்லை. பெரிய மீன் ஒன்று சிக்கி ஓடத் தொடங்கினால் விட்டுக்கொடுக்க மேற்கொண்டு இழை கிடையாது. அப்போது கோலையே தண்ணீரில் எறிந்துவிட்டு, மீன் அதை இழுத்துக் களைத்த பிறகு போய் எடுத்துக்கொள்வதும் உண்டு. இசாக் வால்டன் என்னும் எழுத்தாளர் 1653-இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலில் இந்த உபாயம் பேசப்படுகிறது.

நரம்பு போன்ற இன்னொரு பொருளும் பயன்பட்டது. பட்டுப்புழு கூடு கட்டத் தொடங்கும் தறுவாயில் அதைக் காடியில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழுத்தால், ஓரடி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள ஒளி ஊடுருவும் இழை கிடைக்கும். ஸ்பெயின் நாட்டின் முர்சியாப் பகுதியில் இது ஒரு பெரிய தொழிலாகவே நடந்தது. உலர்ந்த நிலையில் இது நொறுங்கும்; பயன்படுத்துமுன் நீரில் ஊறவைக்க வேண்டும். நீளமும் குறைவு. எனவே முள்ளை ஒட்டிய கடைசிப் பகுதிக்கு மட்டுமே இது உதவியது.

சக்கரமும் கடிகாரக்காரரும்

விட்டுக்கொடுக்க இழை வேண்டுமானால் அதைச் சேமித்து வைக்க ஓர் உருளை வேண்டும். இந்த எண்ணம் சீனாவில் மிகப் பழையது. மா யுவான் என்னும் ஓவியர் ஏறக்குறைய 1195-இல் தீட்டிய ஓர் ஓவியத்தில், குளிர்கால ஏரியில் தனியே படகில் அமர்ந்திருக்கும் ஒருவரின் தூண்டில் கோலில் சிறு சக்கரம் ஒன்று தெளிவாகக் காணப்படுகிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இந்த ஓவியம் இருக்கிறது. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இத்தகைய சக்கரத்தைப் பற்றிய குறிப்புகள் தென்படுகின்றன.

தொடக்ககாலச் சக்கரம் இழையைச் சேமிக்க மட்டுமே பயன்பட்டது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எறியும் கருவியாக மாற்றினார். கடிகாரத்துக்குச் செய்வது போன்ற நுட்பமான பற்சக்கரங்களையும் தாங்கிகளையும் பொருத்தினார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுற்றியது. அதைவிட முக்கியமாக, கோலை வீசினால் இரையின் எடையே உருளையைச் சுழற்றி இழையை இழுத்துக்கொண்டு ஓடியது. ஸ்னைடரின் வழியைப் பின்பற்றிய கென்டக்கிக் கைவினைஞர்களின் ரீல்கள் அந்நாட்டில் பெரும்புகழ் பெற்றன.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. எறியப்பட்ட இரை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். உருளையின் ஆரம் 2 செ.மீ. என்றால், இழை அதே வேகத்தில் வெளியேற உருளை வினாடிக்கு ஏறத்தாழ 160 முறை, அதாவது நிமிடத்துக்கு 9,500 முறை சுழல வேண்டும்! வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறி நிமிடத்துக்கு 300 அல்லது 400 சுற்றுதான் சுற்றுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அசையாதிருந்த உருளையை ஒரு நொடிக்குள் இந்த வேகத்துக்குக் கொண்டுவர இரைக்கு நல்ல எடை வேண்டும். எடை குறைந்த இரையால் அது முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றின் தடையால் இரையின் வேகம் விரைவில் குறைந்துவிடுகிறது. ஆனால் நிலைமத்தின் காரணமாக உருளை பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. வெளியே போக இடமில்லாத இழை உருளையின் மேலேயே குவிந்து, பறவைக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க, எறிபவர் தம் கட்டைவிரலால் உருளையை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கைப்பழக்கம் எளிதில் வருவதன்று.

லினன் நூலும் தடைப் பொறியும்

ஸ்னைடரின் உருளைக்குக் குதிரை மயிர் ஏற்றதல்ல; அதன் முடிச்சுகள் கோலின் வளையங்களில் மாட்டிக்கொள்ளும். முடிச்சில்லாத நீண்ட இழை தேவைப்பட்டது. ஆற்று மீனுக்குப் பின்னிய பட்டு நூலும், கடல் மீனுக்கு ஆளிச்செடியின் நாரிலிருந்து முறுக்கிய லினன் நூலும் வந்தன. லினனின் வலிமையைப் புரிக் கணக்கில் சொன்னார்கள். நனைந்த நிலையில் ஒரு புரி 3 பவுண்டு தாங்கும். எனவே ஒன்பது புரி நூல் 27 பவுண்டு தாங்கும். நனைந்தால் வலிமை கூடுவது லினனின் சிறப்பு.

கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள சான்டா கட்டலினாத் தீவில் 1898-ஆம் ஆண்டு சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு எடையுள்ள ஒரு சூரை மீனைக் கோலும் ரீலும் கொண்டே பிடித்தார். அதே ஆண்டில் அங்கே டூனா கிளப் என்னும் சங்கமும் தோன்றியது. அக்காலத்து ரீலில் கைப்பிடி உருளையோடு நேரடியாக இணைந்திருந்தது. மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை நொறுக்கும். உருளையை நிறுத்த ஒரு தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்துவதே வழி. கைப்பிடி அசையாதிருக்க, உருளை மட்டும் உராய்வுத் தட்டுகளின் தடையை மீறி நழுவும் பொறி 1913-ஐ ஒட்டி இந்தத் தீவின் மீனவர்களிடையே வழக்குக்கு வந்தது. வில்லியம் போஷன் என்பவர் அந்த ஆண்டில் இத்தகைய ரீலைக்கொண்டு வாள்மீன் ஒன்றைப் பிடித்துக் காட்டினார்.

இந்தத் தடைப் பொறியில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. உராய்வுத் தட்டுகள் தருவது மாறாத திருப்புவிசை. இழையில் ஏற்படும் இழுவிசையோ அந்தத் திருப்புவிசையைச் சுற்றின் ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. உருளை நிறைய இழை இருக்கும்போது ஆரம் 3 செ.மீ. என்றும், இழுவிசை 3 கி.கி. என்றும் கொள்வோம். மீன் ஓட ஓட இழை குறைந்து ஆரம் 1.5 செ.மீ. ஆகிவிட்டால் இழுவிசை தானாகவே 6 கி.கி. ஆகிவிடும். யாரும் எதையும் திருகவில்லை; ஆனாலும் 5 கி.கி. மட்டுமே தாங்கும் இழை அறுந்துபோகும். இழை தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடையை இறுக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

லினனின் பெருங்குறை அது அழுகுவதே. உப்புநீரில் நனைந்த நூலை ரீலிலேயே விட்டுவைத்தால் சில நாட்களில் இற்றுவிடும். ஆகையால் ஒவ்வொரு நாளும் நூல் முழுவதையும் ரீலிலிருந்து கழற்றி, நல்ல நீரில் அலசி, பெரிய மரச் சட்டங்களில் சுற்றி உலர்த்தி, மறுபடி ரீலில் ஏற்ற வேண்டும்.

நூற்பாலையிலிருந்து வந்த யோசனை

எடை குறைந்த இரையை எறிய முடியாத சிக்கலுக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மல்லாக் என்பவர் 1884-இல் ஒரு வழி கண்டார். அவருடைய ரீலில் உருளையைக் கால் வட்டம் திருப்பி வைக்கலாம். எறியும்போது உருளையின் முகம் கோலை நோக்கியிருக்கும், அது சுழலாது, இழை முகத்தின் வழியே வளையங்களாகக் கழன்று பறக்கும். சுற்றும்போது உருளையைப் பழைய நிலைக்குத் திருப்பிச் சாதாரணமாகச் சுற்றிக்கொள்ளலாம். சுழற்ற வேண்டிய உருளை இல்லாததால் இலேசான இரையும் தொலைவு போயிற்று. ஆனால் நம் ரிப்பன் சோதனையை நினைவுகூருங்கள். கழலும்போது சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறுகிறது; சுழற்றிச் சுற்றும்போது அது இறங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு வீச்சிலும் முறுக்கு சேர்ந்துகொண்டே போயிற்று.

இதற்கு விடை கண்டவர் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். இவர் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்தில் கம்பளி நூல் தொழிலில் இருந்தவர். அந்த ஊரின் ஆலைகளில் நாள்தோறும் நடப்பதை எண்ணிப் பாருங்கள். நம் கைத்தறியிலும் அதுவேதான் நடக்கிறது. தறியின் நாடா இப்பக்கமும் அப்பக்கமும் பாயும்போது அதனுள் இருக்கும் தார் சுழல்வதில்லை. ஊடை நூல் தாரின் நுனி வழியாகவே கழன்று வருகிறது. சுழன்றிருந்தால் நாடா நிற்கும் ஒவ்வொரு முறையும் நூல் சிக்கிக்கொண்டிருக்கும். ராட்டையில் நூற்பவர்களும் இந்த உண்மையை அறிவார்கள். கதிரின் நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நூல் நழுவுவதால்தான் பஞ்சில் முறுக்கு ஏறுகிறது. நூற்பவருக்குத் தேவையான அந்த முறுக்கே தூண்டிற்காரருக்குத் தொல்லை.

இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை எறியும்போதும் சுழலாது, சுற்றும்போதும் சுழலாது. கைப்பிடியைத் திருப்பினால், உருளையைச் சுற்றி ஒரு கொக்கி வலம்வந்து இழையை அதன் மீது படிய வைக்கும். இதன் விளைவு என்ன? சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு ஒரு திசையில் ஏறுகிறது. எறியும்போது அதே முறுக்கு எதிர்த்திசையில் இறங்குகிறது. வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. நிலையுருளை ரீல் பிறந்த கதை இதுவே. பிற்காலத்தில் கொக்கிக்குப் பதிலாகக் கம்பி வளையம் வந்தது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிலையில் தவறிவிடும். பெரிய மீன் இழுத்துக்கொண்டிருக்க, தடை நழுவிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தால், கம்பி வளையம் வலம்வருமே தவிர இழை உள்ளே வராது. ஒரு சுற்றுக்கு வளையம் ஐந்து முறை வலம்வரும் ரீலில், கைப்பிடியை இருபது முறை சுற்றினால் நூறு முறுக்கு இழையில் வீணாக ஏறிவிடும். நழுவும்போது சுற்றாதே என்ற விதி இதிலிருந்து பிறந்தது.

இதே காட்சி இன்னொருவருக்கும் வழிகாட்டியது. அமெரிக்காவில் ஆர்.டி. ஹல் என்னும் கடிகாரத் தொழிலாளி, கடைக்காரர் ஒருவர் பொட்டலம் கட்ட ஓர் அசையாத பெரிய உருளையிலிருந்து நூலை எளிதாக இழுத்துக்கொண்டதைக் கவனித்தார். நம் மளிகைக் கடைகளிலும் அத்தகைய நூலுருண்டை தொங்கிக்கொண்டிருந்த காலம் உண்டு. அவருடைய எண்ணத்திலிருந்து உருவான மூடிய முகமுள்ள ரீலை, எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துவந்த ஒரு நிறுவனம் 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெப்கோ என்று பின்னாளில் பெயர் பெற்ற நிறுவனம் அதுவே.

நைலான் வருகிறது

நிலையுருளை ரீல் 1905-லேயே தோன்றிவிட்டபோதிலும் உலகெங்கும் பரவ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. காரணம் இழைதான். மெல்லிய பட்டு நூல் நீரை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விரைவில் இற்றும்போகும். இந்த ரீலுக்குத் தேவைப்பட்டது வழவழப்பான, நீரில் கெடாத, தானே உருளையிலிருந்து துள்ளிக் கழலும் ஓர் இழை.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்பவரின் தலைமையில் இயங்கிய வேதியியல் குழு, 1935 பிப்ரவரியில் நைலான் 66 என்னும் பொருளை உருவாக்கியது. அதன் பெருமையைக் காண அவர் இருக்கவில்லை. மன நோயால் துன்புற்ற அவர் 1937 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனம் நைலானை 1938-இல் உலகுக்கு அறிவித்தது. அடுத்து வந்த போரில் நைலான் முழுவதும் வான்குடைகளுக்கும் கயிறுகளுக்கும் போயிற்று. போர் முடிந்த பிறகே அது தூண்டிலுக்குப் பெருமளவில் கிடைத்தது. தொடக்கத்தில் விறைப்பாக இருந்த ஒற்றையிழை நைலான், 1950-களின் இறுதிக்குள் மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் செம்மைப்படுத்தப்பட்டது. நிலையுருளை ரீலும் நைலானும் ஒன்றுக்கொன்று துணையாகி உலகம் முழுவதும் பரவின. தமிழகக் கடற்கரையில் இதை நரம்பு என்கிறார்கள். இலங்கையில் தங்கூசி என்கிறார்கள்.

உருகிய நைலானை நுண்துளை வழியே தள்ளிக் குளிரவைத்து, பிறகு பல மடங்கு நீளும்படி இழுப்பார்கள். அப்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் இழையின் நீளவாட்டில் வரிசையாக அமைகின்றன. நைலானின் வலிமைக்கு இதுவே காரணம். 0.30 மி.மீ. விட்டமுள்ள இழை ஏறத்தாழ 5 முதல் 6 கி.கி. வரை தாங்கும்.

எந்த இழை, எவ்வளவு?

இழையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கணக்குகளை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது வலிமை. அது விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்கு. இரண்டாவது கொள்ளளவு. அது விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 0.30 மி.மீ. இழை 200 மீட்டர் பிடிக்கும் உருளையில் 0.40 மி.மீ. இழை ஏறக்குறைய 112 மீட்டர்தான் பிடிக்கும். மூன்றாவது விறைப்பு. இதை மறந்துவிடுபவர்களே அதிகம். வளைக்க எதிர்ப்புக் காட்டும் தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இருமடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு! தடித்த நைலானைச் சிறிய உருளையில் சுற்றினால் அது ஏன் படியாமல் துள்ளி எழுகிறது என்பதற்கு இதுவே விடை. வலிமைக்காக மட்டும் தடித்த இழையைத் தேர்ந்தால் நீளத்தையும் எறியும் தொலைவையும் இழக்க நேரும்.

அடுத்து, இழையை உருளையில் ஏற்றுவது. சுழலும் உருளையுள்ள ரீலானால் கடையில் வாங்கிய சுருளையும் பென்சிலில் மாட்டிச் சுழலவிட வேண்டும். அப்போது இரு பக்கமும் முறுக்கு எழாது. நிலையுருளை ரீலானால், கடைச் சுருளைத் தரையில் படுக்கவைத்து அதன் முகத்தின் வழியே இழை கழலும்படி செய்யும் வழக்கம் உண்டு. கம்பி வளையம் ஏற்றும் முறுக்கும் கடைச் சுருளிலிருந்து கழலும்போது ஏறும் முறுக்கும் எதிரெதிராக இருந்தால் இழை உருளையில் அமைதியாகப் படியும். சுருளைத் தலைகீழாக வைத்துவிட்டால் இரண்டும் ஒரே திசையில் கூடிச் சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு முறுக்காகும். அந்த இழை உருளையில் அடங்கிக் கிடக்காது. எது சரியான பக்கம் என்று அறிவது எளிது. பத்து இருபது சுற்று ஏற்றியதும் இழையைச் சற்றுத் தளர்த்துங்கள். அது தன்னைத்தானே பின்னிக்கொண்டால் சுருளைப் புரட்டி வைத்துவிடுங்கள்.

ஏற்றும்போது ஈரத்துணியால் இழையைப் பிடித்து, மிதமான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். தளர்வாக இருந்தால் மேலடுக்கு கீழடுக்கில் புதைந்து மாட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்தே. 1 கி.கி. இழுவிசையில் சுற்றிய ஒவ்வொரு சுற்றும் உருளையை நாலாபுறமிருந்தும் மொத்தம் 6.28 கி.கி. அளவுக்கு உள்நோக்கி அழுத்துகிறது. 200 சுற்றுக்கு இது 1,250 கி.கி.யைத் தாண்டும்! கீழடுக்குகள் சற்றுத் தளர்வதால் உண்மையில் இதைவிடக் குறையும் என்றாலும், நீண்டு பின் சுருங்க முயலும் நைலானின் இந்த அழுத்தத்தால் பேக்கலைட் உருளைகள் உடைந்ததுண்டு. லினனுக்கென்று செய்த உருளை நைலானைத் தாங்கவில்லை. உலோக உருளைகள் தேவைப்பட்டன.

எவ்வளவு நிரப்புவது? நிலையுருளையின் விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிறுத்துவது நல்லது. அதிகம் குறைந்தால் கழலும் ஒவ்வொரு வளையமும் விளிம்பில் உராய்ந்து வேகத்தை இழக்கும். தடைக் கணக்கில் நாம் பார்த்த ஆரமும் குறையும். விளிம்புவரை நிரப்பினால் வளையங்கள் கூட்டமாகச் சரிந்து சிக்கிக்கொள்ளும்.

வழுக்கும் புதிய இழை

நைலானுக்கும் குறைகள் உண்டு. அறுபடும் முன் அது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக நீளும். ஆகவே ஆழத்தில் மீன் கொத்துவது கைக்குத் தெளிவாக எட்டாது. நீரை உறிஞ்சியதும் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதை நாளடைவில் நலிவிக்கும்.

ஜப்பானில் 1971-இல் புளோரோகார்பன் இழை விற்பனைக்கு வந்தது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நைலானுக்கு ஏறத்தாழ 1.53, புளோரோகார்பனுக்கு 1.42. இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் நெருங்க நெருங்க ஒன்றினுள் மற்றொன்று கண்ணுக்குப் புலப்படுவது குறையும். எனவே முள்ளை ஒட்டிய பகுதிக்கு இது விரும்பப்படுகிறது; பழைய பட்டுப்புழு நரம்பின் இடத்தை இது பிடித்துக்கொண்டது எனலாம்.

நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகியோர் 1979-ஐ ஒட்டி, மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎதிலீனைக் கூழ் நிலையிலிருந்து இழுத்து வலிமைமிக்க இழையாக்கும் முறையைக் கண்டனர். 1990-களில் இந்த இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் இழை பரவியது. ஒரே பருமனில் நைலானைவிடப் பன்மடங்கு எடை தாங்கும். நீள்வதும் மிகக் குறைவு.

ஆனால் இது மிகவும் வழுக்கும். வெறும் உலோக உருளையில் இதை நேரே கட்டிச் சுற்றினால், மீன் இழுக்கும்போது சுற்றிய இழை முழுவதும் ஒரே வளையமாக உருளையின் மேல் நழுவிச் சுழலும். தடைப் பொறி கெட்டுவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் உருளை அசையவே இல்லை. நீண்டு சுருங்கும் நைலான் உருளையைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. நீளாத பாலிஎதிலீனுக்கு அந்தப் பிடி இல்லை. ஆகவே முதலில் சில மீட்டர் நைலானைச் சுற்றி, அதன் முனையில் புதிய இழையை முடிச்சிடுகிறார்கள். உருளையை நெருக்கி உடைத்த அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது!

அழியாத இழை

குதிரை மயிர் நீளவில்லை, லினன் அழுகியது, சுழலும் உருளை சிக்கியது, நிற்கும் உருளை முறுக்கியது. ஒவ்வொரு குறையையும் நீக்கிய புதுமை தன்னுடன் வேறொரு குறையைக் கொண்டுவந்தது. அவற்றையெல்லாம் கோலைப் பிடித்தவரே அனுபவித்தார். அவரே தீர்வும் தேடினார்.

நைலானின் கடைசிக் குறை அத்தகையதன்று. லினன் நூல் அறுந்து நீரில் விழுந்தால் சில மாதங்களில் மட்கிவிடும். நைலானும் பாலிஎதிலீனும் மட்குவதில்லை. பாறையில் மாட்டி அறுத்துவிட்ட இழை, முடிச்சிட்ட பின் நறுக்கி எறிந்த துண்டு, முறுக்கேறிப் பயனற்றதென்று கரையில் வீசிய சுருள் ஆகிய எல்லாம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நீர்ப்பறவைகளின் கால்களிலும் கடலாமைகளின் கழுத்திலும் அவை சுற்றிக்கொள்கின்றன. பறவை நகர நகர இழை மேலும் இறுகுமே தவிரத் தளராது. இந்தத் துன்பத்துக்கு ஆளாகும் உயிர் ரீலைப் பார்த்ததே இல்லை.

எனவே இழை ஏற்றும் விதிகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய இழையை உருளையிலிருந்து கழற்றும்போது ஒரு துண்டுகூடச் சிதறாமல் சுருட்டி, குட்டையாக நறுக்கி, மூடிய பெட்டியில் போட்டு அப்புறப்படுத்துங்கள். அமெரிக்காவில் பல மீன்பிடி மேடைகளில் இதற்கென்றே குழாய் வடிவத் தொட்டிகளை வைத்து, சேர்ந்த நைலானை உருக்கி வேறு பொருள்கள் செய்கிறார்கள். தூண்டில் இழையின் வலிமையை ஐந்நூறு ஆண்டுகளாகக் கூட்டிவந்திருக்கிறோம். இனி அது பயன் முடிந்ததும் மறையவும் வழி காண வேண்டும். வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.